கண்ணாடிக் கலையைத் தேடிச் செல்லும் திருகோணமலை வாசகர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையிலும் அதன் சுற்றூர்களிலும் சித்திரம் கற்பிக்கும் ஆசிரியர்கள், கலைத்துறையில் உயர்கல்விக்கு ஆயத்தமாகும் மாணவர்கள், கனடாவிலோ இங்கிலாந்திலோ வாழும் பிள்ளைகளைப் பார்க்கச் செல்லும் பெற்றோர் ஆகியோருக்கு எழக்கூடிய கேள்விகளை இங்கே தொகுத்து விடை எழுதியிருக்கிறேன். நம்மவர் அதிகமாகச் சென்றுவரும் நகரம் என்பதால் ரொறொன்ரோவையும் அதை அண்டிய பகுதிகளையும் முதன்மையாக எடுத்துக்கொண்டேன். ஆயினும் எந்த நகரின் கண்ணாடிக் கலையைத் தேடிச் சென்றாலும், முதலில் உலையருகே நின்று செய்முறையைப் பார்த்து, அதன் பின்னரே காட்சிக்கூடத்திற்குள் நுழைய வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. கீழேயுள்ள விடைகள் பெரும்பாலும் அந்தக் கருத்தையே பின்பற்றிச் செல்கின்றன.

கேள்வி: சமகாலக் கண்ணாடிக் கலை என்று எதைச் சொல்கிறோம்? காப்பும் போத்தலும் கூடக் கண்ணாடிதானே?

கண்ணாடிப் பொருள்கள் மிகப் பழையவை. ஆனால் ஒரு கலைஞர் தமது சொந்தக் கூடத்தில், சிறிய உலை ஒன்றை வைத்துக்கொண்டு, தாம் எண்ணியதைத் தாமே கண்ணாடியில் உருவாக்கலாம் என்ற நிலை பரவலானது கடந்த 60 ஆண்டுகளுக்குள்தான். அதற்கு முன்னர் உருகிய கண்ணாடி பெரும்பாலும் தொழிற்சாலைகளிலேயே இருந்தது. ஓவியரோ வடிவமைப்பாளரோ தாளில் வரைந்து கொடுப்பார், தொழிலாளர் அதைச் செய்து முடிப்பர். 1962ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்திலுள்ள ரொலீடோ கலை நூதனசாலையின் வளவில், மட்பாண்டக் கலையைக் கற்பித்துவந்த ஹார்வி லிற்றில்ரன் என்பவர் இரண்டு பயிற்சிப் பட்டறைகளை நடத்தினார். முதலில் அவர் தயாரித்த கலவை சரியாக உருகவில்லை. கண்ணாடித் தொழிற்றுறை ஆய்வாளரான டொமினிக் லபீனோ, கண்ணாடி இழை தயாரிக்கப் பயன்படும் சிறு கண்ணாடி உருண்டைகளைக் கொடுத்து உதவிய பின்னரே அந்தச் சிறிய உலையில் ஊதத்தக்க கண்ணாடி கிடைத்தது. கலைக்கூடக் கண்ணாடி இயக்கம் என்று இன்று அழைக்கப்படுவது அங்கிருந்து அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கும், பின்னர் கனடா, ஐரோப்பா, ஜப்பான், அவுஸ்திரேலியா ஆகிய இடங்களுக்கும் பரவியது.

ஐரோப்பாவில் இதற்கு வேறொரு வேரும் உண்டு. அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவில் ஸ்ரனிஸ்லவ் லிபென்ஸ்கி, யரோஸ்லவா ப்ரிக்தோவா என்ற தம்பதியர் கண்ணாடியை அச்சில் வார்த்து, ஒளி ஊடுருவும் பெருஞ்சிற்பங்களைச் செய்தனர். அவை பூச்சாடியோ கிண்ணமோ அல்ல; ஒளியையே கற்பாறையைப் போலக் கனமாகக் காட்டும் சிற்பங்கள். இந்த இரு மரபுகளையும் மனத்தில் வைத்திருந்தால் எந்தக் கண்காட்சியிலும் வழி தவறமாட்டீர்கள்.

கேள்வி: திருகோணமலையில் இதைப் பார்ப்பதற்கு இடம் உண்டா?

கண்ணாடி ஊதும் உலைக்கூடம் ஒன்றோ, கண்ணாடிச் சிற்பங்களுக்கான நிரந்தரக் காட்சிக்கூடமோ நம் நகரில் இல்லை. ஆனால் பார்க்கும் பழக்கத்தை இங்கிருந்தே வளர்த்துக்கொள்ளலாம். அந்தப் பழக்கமின்றி வெளிநாட்டு நூதனசாலைக்குள் நுழைந்தால் எல்லாமே வெறும் பளபளப்பாகத்தான் தெரியும்.

காலையில் டச்பே கடற்கரையில் நின்று பாருங்கள். கிழக்கிலிருந்து தாழ்வாக வரும் வெயில், கரையில் ஒதுங்கிக் கிடக்கும் போத்தல் துண்டொன்றின் ஊடாகச் செல்லும்போது அதன் ஓரம் ஒரு நிறமாகவும் நடுப்பகுதி வேறொரு நிறமாகவும் தோன்றும். கண்ணாடியின் நிறம் அதன் தடிப்பைப் பொறுத்து மாறும் என்ற அடிப்படைப் பாடம் அதில் இருக்கிறது. நீண்ட காலம் அலையிலும் மணலிலும் உரசுப்பட்ட துண்டு பனி படர்ந்ததுபோல் மங்கலாக இருக்கும். கலைஞர்கள் மணலை அழுத்தக் காற்றில் வீசியும் அமிலத்தில் தோய்த்தும் வேண்டுமென்றே உண்டாக்கும் மேற்பரப்பும் ஏறத்தாழ அதேதான். கோயில் திருவிழாக் காலங்களில் விரியும் காப்புக் கடைகளில் ஒரு கண்ணாடிக் காப்பைக் கையில் எடுத்து, அதன் இரு முனைகளும் எங்கே ஒட்டப்பட்டன என்று தேடிப் பாருங்கள். இந்தியாவில் கண்ணாடிக் காப்புத் தொழிலுக்குப் பெயர்பெற்றது உத்தரப் பிரதேசத்தின் பிரோசாபாத் நகரம். அங்கே சுருளாக இழுத்து வெட்டப்பட்ட கண்ணாடிக் கம்பியின் முனைகளைச் சுவாலையில் காட்டி ஒவ்வொன்றாக இணைப்பவர்கள் மனிதர்களே. அந்த இணைப்பு விரலுக்குத் தட்டுப்பட்டால், ஒரு கைவினைஞரின் வேலை உங்களுக்குத் தட்டுப்பட்டுவிட்டது.

கேள்வி: இலங்கைக்கும் கண்ணாடிக்கும் பழைய தொடர்பு ஏதும் உண்டா?

உண்டு, அதுவும் ஆழமான தொடர்பு. மன்னார் மாவட்டத்தில் திருக்கேதீச்சரத்தை அண்டியுள்ள மாந்தைத் துறைமுகத்தில் 1980களில் நடந்த அகழ்வாய்வுகளில் ஏராளமான கண்ணாடி மணிகள் கிடைத்தன. இந்து சமுத்திர வாணிபத்தின் வழியாக ஆபிரிக்கக் கரையிலிருந்து தென்கிழக்காசியா வரை பரவிய ஒற்றை நிறச் சிறு மணிகளின் குடும்பத்தைச் சேர்ந்தவை அவற்றுள் பல. அந்த மரபின் புகழ்பெற்ற ஆரம்ப மையங்களில் ஒன்று புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேடு. வடமேற்கு மாகாணத்தில் கிரிபாவ என்னுமிடத்தில் மூலக் கண்ணாடியையே உருக்கித் தயாரித்ததற்கான சான்றுகளும் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. ஆகவே கண்ணாடி நமக்கு அந்நியமான ஊடகம் என்ற எண்ணத்தோடு எவரும் வெளிநாட்டுக் கூடங்களுக்குள் கூச்சப்பட்டு நுழைய வேண்டியதில்லை.

கேள்வி: ரொறொன்ரோவுக்குப் போகிறோம். எங்கிருந்து தொடங்கலாம்?

நகரின் தென்புறத்தில், ஒன்ராறியோ ஏரிக்கரையில் குயின்ஸ் கீ வீதியில் ஹாபர்ஃபிரன்ற் நிலையம் இருக்கிறது. அங்கே மட்பாண்டம், நெசவு, உலோகம் ஆகியவற்றுடன் கண்ணாடிக்கும் ஒரு கூடம் உண்டு. தொழிலுக்குப் புதிதாக வரும் கலைஞர்கள் அங்கு தங்கிப் பணியாற்றுவர், பார்வையாளர்கள் அவர்கள் வேலை செய்வதை நின்று பார்க்கலாம். ஸ்காபரோவில் உறவினர் வீட்டில் தங்கியிருப்பவர்கள் யூனியன் நிலையம் வரை சென்று, அங்கிருந்து ஏரிக்கரைத் தெருத் தொடரியில் சில நிமிடங்களில் போய்ச் சேரலாம். எல்லா நாளும் உலையில் வேலை நடப்பதில்லை. புறப்படுமுன் நேரத்தை விசாரித்துக்கொள்வது நல்லது.

அடுத்ததாக, நகரிலிருந்து மேற்கே ஏறத்தாழ 110 கிலோமீற்றர் தொலைவிலுள்ள வோட்டர்லூ நகரில் கனடியக் களிமண் மற்றும் கண்ணாடிக் காட்சிக்கூடம் 1993 முதல் இயங்குகிறது. பெயர் சொல்வதுபோல் களிமண்ணும் கண்ணாடியும் அங்கே சேர்ந்தே காட்சிக்கு வைக்கப்படுகின்றன. அதை நான் பெரிதும் விரும்புகிறேன். ஒளியை விழுங்கும் மண்ணையும் ஒளியைக் கடத்தும் கண்ணாடியையும் ஒரே கூரையின் கீழ் காணும்போது, கலைஞர் ஏன் இந்த ஊடகத்தைத் தெரிந்தெடுத்தார் என்ற கேள்வி தானாகவே மனத்தில் எழுகிறது. இரண்டு நகரங்களுக்கும் இடையில், ஓக்வில்லிலுள்ள ஷெரிடன் கல்லூரி கண்ணாடிக் கலையைப் பாடநெறியாகக் கற்பித்து வருகிறது. கனடாவின் கண்ணாடிக் கலைஞர்களில் கணிசமானோர் அங்கே பயின்றவர்கள். பட்டமளிப்புக் காலத்தில் மாணவர்களின் கண்காட்சி நடைபெறுமாயின் தவறவிடாதீர்கள். பெயர்பெற்றவர்களின் படைப்புகளைவிட மாணவர்களின் படைப்புகளில் துணிச்சல் வெளிப்படையாகத் தெரியும்.

அமெரிக்க விசா உள்ளவர்கள் இன்னும் ஓர் இடத்திற்குச் செல்லலாம். ரொறொன்ரோவிலிருந்து வாகனத்தில் நான்கைந்து மணித்தியாலத் தூரத்தில், நியூயோர்க் மாநிலத்தின் கோர்னிங் என்ற சிறு நகரில் கோர்னிங் கண்ணாடி நூதனசாலை இருக்கிறது. 1951இல் திறக்கப்பட்ட அந்த நூதனசாலையில் கண்ணாடியின் 3,500 ஆண்டு வரலாறு வைக்கப்பட்டிருக்கிறது. சமகாலக் கலைக்கென 2015இல் தனியான புதிய பகுதியொன்றும் கட்டப்பட்டது. நாள் முழுவதும் உலையருகே செய்து காட்டும் நிகழ்ச்சிகள் நடைபெறும். ஒரே ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்றால் ரொறொன்ரோவின் வேறெந்தச் சுற்றுலா இடத்தையும் விட்டுவிட்டு இங்கே செல்லுமாறு சொல்வேன்.

கேள்வி: உலைக்கூடத்தில் நின்று பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

இந்தக் கேள்விக்கு நீளமாகவே விடை சொல்ல வேண்டியிருக்கிறது.

உலைக்குள் கண்ணாடி இரவும் பகலும் 1,100 பாகை செல்சியஸ் அளவில் உருகிய நிலையில் இருக்கும். உலையை ஒவ்வொரு மாலையும் அணைத்துக் காலையில் மூட்டுவதில்லை. அதனால்தான் எரிபொருட் செலவு ஒரு கண்ணாடிக் கலைஞரின் வாழ்வில் ஓயாத பாரமாக இருக்கிறது. கலைஞர் நீண்ட இரும்பு ஊதுகுழலின் நுனியை உலைக்குள் விட்டுச் சுழற்ற, தேன் பதத்தில் கண்ணாடி அதில் திரண்டு சேர்கிறது. அக்கணத்திலிருந்து வேலை முடியும்வரை அந்தக் குழல் சுழன்றுகொண்டே இருக்க வேண்டும். சுழற்சி நின்றால் கண்ணாடி தன் பாரத்தால் ஒரு பக்கமாகச் சரியும். ஆகவே முதலில் கைகளைப் பாருங்கள். அனுபவமுள்ளவர் பேசும்போதும், திரும்பி நடக்கும்போதும், நீளமான வாங்கில் அமரும்போதும், அவருடைய விரல்கள் குழலைச் சீரான வேகத்தில் உருட்டிக்கொண்டேயிருக்கும். புதியவரின் கையில் அந்தச் சீர் குலையும். அது கண்ணாடியின் வடிவில் உடனே தெரிந்துவிடும்.

பின்னர் உருக்குப் பலகை மேல் உருட்டி மேற்பரப்பை ஆற்றுவர். நனைந்த செய்தித்தாளை மடித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, அதன் மேல் கண்ணாடியை உருட்டி வடிவம் கொடுப்பதும் உண்டு. அப்போது நீராவியும் தாள் கருகும் மணமும் எழும். கையும் கண்ணாடியும் அவ்வளவு நெருங்கிவரும் கட்டம் வேறில்லை. குழலில் ஊதும் காற்று பலர் எண்ணுவதைவிட மிகச் சிறிது. உருவம் பெரும்பாலும் புவியீர்ப்பாலும், சுழற்சியாலும், வெப்பத்தாலுமே அமைகிறது. ஆறிவிட்ட பொருளை மீண்டும் இளக்குவதற்கு வேறொரு வாய் திறந்த சூடாக்கும் உலை உண்டு. கலைஞர் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அங்கே சென்று திரும்புவார். இவ்வாறு சென்று வருவதில் ஒரு தாளம் இருக்கிறது. அதை உணரத் தொடங்கியவுடன், அடுத்து எப்போது எழுவார் என்பதை நீங்களே ஊகிக்க முடியும்.

வாய்ப்பகுதியைத் திறப்பதற்காகப் பொருளின் அடியில் இன்னொரு இரும்புக் கோலை ஒட்டி, ஊதுகுழலிலிருந்து தட்டிப் பிரிக்கும் கணம் மிக ஆபத்தானது. மணிக்கணக்கான வேலை தரையில் விழுந்து நொறுங்குவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். உதவியாளர்கள் அப்போது பேச்சை நிறுத்திவிடுவார்கள். பார்வையாளரும் அப்படியே செய்வது மரியாதை.

முடிந்த பொருள் வெளியே வைக்கப்படுவதில்லை. 500 பாகைக்குச் சற்றுக் குறைந்தோ கூடியோ வைக்கப்பட்டிருக்கும் ஆற்றும் அறைக்குள் சென்று, பல மணித்தியாலங்களாகப் படிப்படியாகக் குளிர்கிறது. வெளிப்புறம் விரைவாகவும் உட்புறம் மெதுவாகவும் ஆறினால் உள்ளே இழுவிசை தங்கிவிடும். பிறகு ஒருநாள் எவரும் தொடாமலேயே அது வெடிக்கும். தடிப்பு கூடக் கூட இந்த ஆற்றும் காலம் பன்மடங்காகப் பெருகுகிறது. கோர்னிங் நூதனசாலையில் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும் மாபெரும் கண்ணாடி வட்டு இதற்குச் சான்று. கலிபோர்னியாவின் பலோமர் மலைத் தொலைநோக்கிக்காக 1934இல் 5 மீற்றர் விட்டத்தில் வார்க்கப்பட்ட முதல் வட்டு அது. வார்க்கும்போதே அச்சின் பாகங்கள் பெயர்ந்து மிதந்ததால் பழுதானது. அதே ஆண்டின் இறுதியில் வார்க்கப்பட்ட இரண்டாவது வட்டு ஏறத்தாழ பத்து மாதங்கள் ஆற்றப்பட்ட பின்னரே வெளியே எடுக்கப்பட்டது. காட்சிக்கூடத்தில் தடித்த வார்ப்புச் சிற்பமொன்றின் முன் நிற்கும்போது இந்தப் பொறுமையை நினைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒரு படைப்பு சிறந்ததா என்று எப்படி மதிப்பிடுவது?

கண்ணாடி இயல்பாகவே அழகான பொருள். அதுவே இந்தக் கலைக்கு உள்ள பெரிய சோதனை. எந்தச் சாதாரண உருவத்தையும் நல்ல நிறத்தில் செய்து வெளிச்சத்தின் கீழ் வைத்தால் பார்ப்பவர் வியப்பார். ஆகவே இந்தப் படைப்பை மரத்திலோ பிளாஸ்டிக்கிலோ செய்திருந்தால் எதை இழந்திருக்கும் என்று கேட்டுப் பாருங்கள். எதுவும் இழக்காது என்றால் அந்தக் கலைஞர் கண்ணாடியின் பளபளப்பை மட்டும் கடன் வாங்கியிருக்கிறார்.

தொழில்நுட்பத் தரத்தை அறிய, அடிப்பக்கத்தைப் பாருங்கள். கோல் ஒட்டியிருந்த தழும்பு அங்கே இருக்கும். கவனமுள்ள கலைஞர் அதைத் தேய்த்து மெருகிட்டிருப்பார் அல்லது வடிவத்தின் ஒரு பகுதியாக்கியிருப்பார். குமிழ்கள் குறையா என்று பலர் கேட்பர். வேண்டுமென்றே அடுக்கப்பட்ட குமிழ்கள் ஓர் உத்தி. தற்செயலாகச் சிதறிய குமிழ்கள் உருக்கிய விதத்தைக் காட்டுபவை. இரண்டையும் பிரித்தறிவதற்கு, அவை ஒழுங்கில் இருக்கின்றனவா என்று பார்த்தால் போதும்.

நிறங்களைப் பற்றிச் சிறிது தெரிந்திருந்தால் பார்வை கூர்மையடையும். நீலம் பெரும்பாலும் கோபோல்ற்றிலிருந்து வருகிறது, பழைய மாணிக்கச் சிவப்புக்குத் தங்கத்தின் நுண்துகள்கள் காரணம், ஊதாவுக்கு மங்கனீசு, மலிவான கண்ணாடியின் இளம்பச்சைக்கு மணலிலுள்ள இரும்பு.

கேள்வி: டேல் சிஹூலி என்ற பெயரை எல்லா இடத்திலும் காண்கிறோம். அவர் தாமே ஊதுவதில்லையாமே? அப்படியானால் அது அவருடைய படைப்பா?

சிஹூலி அமெரிக்காவின் வொஷிங்ரன் மாநிலத்தைச் சேர்ந்தவர்; லிற்றில்ரனிடம் பயின்றவர்; 1971இல் பில்சக் கண்ணாடிப் பள்ளியை நிறுவியவர்களில் ஒருவர். 1976இல் நேர்ந்த வாகன விபத்தில் இடக்கண் பார்வையை இழந்தார். சில ஆண்டுகளின் பின் தோளிலும் காயம் பட்டதால் ஊதுவதைக் கைவிட்டு, வரைந்து கொடுத்துக் குழுவை வழிநடத்தும் முறைக்கு மாறினார். 2016இல் ரொறொன்ரோவின் ரோயல் ஒன்ராறியோ நூதனசாலையில் நடந்த அவருடைய கண்காட்சியை நம்மவர் பலரும் பார்த்திருக்கக்கூடும்.

ஒரு கோபுரத்தை எழுப்பும் ஸ்தபதி ஒவ்வொரு சுதைப் பதுமையையும் தம் கையால் பிடிப்பதில்லை. அளவும் அமைப்பும் தீர்ப்பும் அவருடையவை, அதனால் கோபுரம் அவருடைய பெயரைச் சுமக்கிறது. பெரிய கண்ணாடிப் படைப்புகளும் அவ்வாறுதான் பார்க்கப்பட வேண்டும். ஆனால் குழுவில் உழைத்தவர்களின் பெயர்களும் சொல்லப்பட வேண்டும் என்பது என் எதிர்பார்ப்பு. உலையின் வெப்பத்தை உடலில் தாங்குபவர்கள் அவர்கள்.

கேள்வி: வெனிஸ் நகரைப் பார்க்காமல் கண்ணாடிக் கலையை அறிய முடியாதா?

தாராளமாக அறியலாம். ஆனால் போகக் கிடைத்தால் மகிழ்ச்சியோடு செல்லுங்கள். தீ விபத்துக்கு அஞ்சி 1291இல் நகரின் கண்ணாடி உலைகள் முரானோத் தீவுக்கு மாற்றப்பட்டன. அங்கே இன்றும் ஊதுகிறார்கள். முரானோக் கலைஞர் லினோ ரல்யாபியேற்றா 1979இல் பில்சக் பள்ளிக்குச் சென்று, தீவுக்குள் காக்கப்பட்டுவந்த உத்திகளை அமெரிக்க மாணவர்களுக்குக் கற்பித்தார். ஊரில் சிலருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் இன்றைய கண்ணாடிக் கலையில் மெல்லிய இழைக்கோலங்கள் உலகெங்கும் காணப்படுவதற்கு அந்தக் கொடை ஒரு முக்கியமான காரணம். தெருக்கடைகளில் முரானோ என்ற பெயரில் விற்கப்படும் மலிவான பொருள்களில் பல அங்கே செய்யப்பட்டவை அல்ல. உண்மையானவற்றைக் காட்டுவதற்கு வெனேற்றோ மாகாண அரசின் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு வணிகக் குறி உண்டு.

கேள்வி: லண்டனில்?

விக்ரோறியா அன்ட் அல்பேட் நூதனசாலையின் கண்ணாடிப் பகுதிக்குக் கட்டணம் இல்லை. அதன் முகப்பு மண்டபத்தில் சிஹூலியின் சரவிளக்கும் தொங்குகிறது. அதற்கு முன்னதாக, பீற்றர் லேற்றன் 1976இல் தொடங்கி, பின்னர் பேர்மண்ட்சி வீதிக்கு இடம்மாறிய லண்டன் கண்ணாடி ஊதும் கூடத்திற்குச் செல்லுங்கள். காட்சிக்கூடமும் உலையும் ஒரே இடத்தில் இருக்கின்றன.

கேள்வி: புல்மோட்டை மணலில் கண்ணாடி செய்யலாமா?

செய்ய முடியாது, ஆனால் விடை அதோடு முடிந்துவிடவில்லை. திருகோணமலைக்கு வடக்கே ஏறத்தாழ 55 கிலோமீற்றரில் உள்ள புல்மோட்டையின் கரிய மணலில் பெரும்பகுதி இல்மனைற்று. அது இரும்பும் ரைற்றேனியமும் கலந்த கனிமம். கண்ணாடிக்கு வேண்டியது இரும்பு மிகக் குறைந்த வெண்ணிறச் சிலிக்கா மணல். இலங்கையில் அது நாத்தாண்டிய, மாரவில பகுதிகளிலும், யாழ்ப்பாணக் குடாநாட்டில் வல்லிபுரம், அம்பன் பகுதிகளிலும் உண்டு. ஹொறணையில் இயங்கும் போத்தல் தொழிற்சாலை உள்நாட்டு மணலையே பயன்படுத்துகிறது. தூய சிலிக்கா உருகுவதற்கு 1,700 பாகை தேவை. சோடா சேர்த்து அந்த வெப்பநிலையைக் குறைத்து, நீரில் கரையாதிருக்கச் சுண்ணாம்பையும் சேர்ப்பர்.

ஆனால் புல்மோட்டை மணலிலிருந்து பிரிக்கப்படும் மற்றொரு கனிமமான சேர்க்கன் கண்ணாடித் தொழிலுக்கு வேறு வகையில் உதவுகிறது. உருகிய கண்ணாடி சாதாரணச் செங்கல்லை அரித்துவிடும். அதைத் தாங்குவதற்காகக் கண்ணாடி உலைகளின் உட்சுவர்களில் சேர்க்கோனியம் கலந்த கற்களை அடுக்குகிறார்கள். அந்தக் கற்களுக்கு மூலப்பொருள் சேர்க்கன். கண்ணாடியாக மாறாத நம் மாவட்டத்து மணல், கண்ணாடியைத் தாங்கும் சுவராகலாம் என்பதை நினைக்கும்போது எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எந்தக் கடற்கரையிலிருந்தும் பரிசோதனைக்காக மணலை அள்ளாதீர்கள். அதற்கு அனுமதி தேவை, கரைக்கும் அது கேடு.

கேள்வி: கரையில் பொறுக்கும் கண்ணாடித் துண்டுகளையும் உடைந்த போத்தல்களையும் சேர்த்து உருக்கினால் என்ன?

ஒவ்வொரு கண்ணாடியும் சூட்டில் விரிந்து ஆறும்போது சுருங்குகிறது. சுருங்கும் அளவு கலவைக்குக் கலவை வேறுபடும். இரண்டு வெவ்வேறு போத்தல்களின் துண்டுகள் சூளையில் அழகாக ஒட்டிக்கொண்டதுபோல் தோன்றினாலும், ஆறியபின் ஒன்றையொன்று இழுத்து விரிசல் விடும். ஜேர்மனியில் பிறந்து பின்னர் அவுஸ்திரேலியாவின் கன்பரா நகரில் கண்ணாடிப் பட்டறையை நிறுவிய கிளவுஸ் மொயே, இந்தத் தடையால் வருந்தியவர்களில் ஒருவர். அமெரிக்காவின் போட்லண்ட் நகரிலுள்ள புல்ஸ்ஐ நிறுவனம், அவருடைய தூண்டுதலால், ஒன்றோடொன்று பொருந்திச் சுருங்கும் நிறக் கண்ணாடிகளை உருவாக்கத் தொடங்கியது. இன்று சூளையில் செய்யப்படும் கண்ணாடிக் கலையின் வளர்ச்சி பெருமளவுக்கு அதிலிருந்தே வந்தது.

ஆகவே துண்டுகளைக் கலக்காதீர்கள். ஒரே போத்தலின் துண்டுகளை மட்டும் பயன்படுத்தலாம். அல்லது உருக்காமலே கம்பியாலும் பசையாலும் இணைத்துப் படைப்பாக்கலாம்.

கேள்வி: உலை இல்லாத நம் நகரில் இதைக் கற்கத் தொடங்க வழி உண்டா?

உண்டு, மூன்று படிகளில்.

முதலாவது, கண்ணாடியின் பின்புறத்தில் வரைதல். தஞ்சாவூர் மரபில் தெய்வப் படங்களை இவ்வாறு தீட்டினர். தாளில் இறுதியாகச் செய்யும் கண், நகை, ஆடைக்கரை ஆகியவற்றை இங்கே முதலில் வரைந்து, பின்னணியைக் கடைசியில் பூச வேண்டும். அனைத்தும் இடம்வலமாக மாறியிருக்கும். யன்னல் கண்ணாடித் துண்டும் தூரிகையும் போதும். பாடசாலைச் சித்திர வகுப்புகளில் இது ஏன் நடைபெறுவதில்லை என்று நான் பலமுறை நினைத்ததுண்டு.

இரண்டாவது, குளிர்ந்த கண்ணாடியில் வேலை செய்தல்: வெட்டுதல், தேய்த்தல், செதுக்குதல். கண்ணாடிச் சட்டம் போடும் கடைக்காரரிடமே வெட்டும் முறையைக் கற்கலாம். தேய்க்கும்போது நீர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்; உலர்ந்த தூள் நுரையீரலுக்குள் சென்றால் மீளாத நோயைத் தரும். கண்ணுக்குக் கவசம் கட்டாயம்.

மூன்றாவது, மின்சூளையில் வளைத்தலும் ஒட்டுதலும். மட்பாண்டத்திற்கான மின்சூளை ஒன்று கிடைத்தால், வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் கருவியோடு இதற்கும் பயன்படுத்தலாம். சாதாரண யன்னல் கண்ணாடி 700 பாகைக்கு மேல் அச்சின் மீது வளையத் தொடங்கும். 800 பாகையைத் தாண்டினால் ஒன்றோடொன்று உருகி ஒட்டும். அதிக நேரம் அந்தச் சூட்டில் வைத்தால் மேலே வெண்படலம் படியும். வாகனத்தின் பக்க யன்னல்களில் உள்ள கடினமாக்கப்பட்ட கண்ணாடியை வெட்ட முயல வேண்டாம். அது முழுவதும் நொறுங்கிவிடும். ஆற்றும் வேளையில் மின்சாரம் தடைப்படும் ஊர்களில் நல்ல காப்புச் சுவருள்ள சூளை அவசியம். வெப்பம் மெதுவாக இறங்கினால் படைப்பு தப்பிவிடும்.

ஓர் ஆசிரியர் குழுவோ கலைச் சங்கமோ சேர்ந்து அத்தகைய ஒரு சூளையை வாங்கினால், திருகோணமலையில் கண்ணாடிக் கலை தொடங்கிவிடும். உலைக்கூடத்திற்குத் தேவைப்படும் ஓயாத எரிபொருள் இதற்குத் தேவையில்லை. ஊதும் கலையையும் கற்க விரும்புவோர் இந்தியாவையும் நினைத்துப் பார்க்கலாம். டெல்லியில் ரேஷ்மி டே என்ற கலைஞர் இத்துறையில் கூடம் நடத்திக் கற்பித்து வருகிறார்.

கேள்வி: சிறு பிள்ளைகளை அழைத்துச் செல்லலாமா?

உலைக்கூடத்திற்குக் கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள். நூதனசாலையைவிட அங்கேதான் அவர்கள் அசையாமல் நிற்பார்கள். மூடிய பாதணி அணிவித்து, தடுப்புக்குப் பின்னால் நிறுத்துங்கள்.

கேள்வி: வாங்கும் பொருளை எப்படித் திருகோணமலைக்குக் கொண்டுவருவது, எப்படிப் பேணுவது?

கலைஞரின் கையொப்பம் பெரும்பாலும் அடியில் செதுக்கப்பட்டிருக்கும். அதையும் பற்றுச்சீட்டையும் சரிபார்த்து, பற்றுச்சீட்டைச் சுங்கத்தில் காட்டுவதற்குக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். கடையிலேயே இரட்டைப் பெட்டியில் கட்டித் தருமாறு கேளுங்கள். உட்பெட்டிக்கும் வெளிப்பெட்டிக்கும் இடையில் எல்லாப் புறமும் மென்மையான பொருள் நிரம்பியிருக்க வேண்டும்; பெட்டியை அசைத்தால் உள்ளே எதுவும் நகரக் கூடாது. குடுவையாயின் அதன் உட்புறத்தையும் நிரப்புங்கள். சிறியதைக் கையோடு கொண்டுவருவதே நல்லது.

உப்புவெளி, நிலாவெளி போன்ற கரையோர வீடுகளில் சில நாட்களிலேயே கண்ணாடி மேல் உப்புப் படலம் படியும். உலர்ந்த துணியால் துடைத்தால் அதிலுள்ள மணற்றுகள் கீறும். முதலில் இளஞ்சூட்டு நீரால் கழுவி, பின்னர் மென்துணியால் ஒற்றுங்கள். குளிரூட்டிய அறையிலிருந்து எடுத்தவுடன் சுடுநீர் ஊற்ற வேண்டாம். உருண்டையான தடித்த கண்ணாடியை வெயில் விழும் யன்னலோரத்தில் வைக்காதீர்கள். அது கதிர்களை ஒரு புள்ளியில் குவித்துத் திரைச்சீலையைப் பற்றவைக்கக்கூடும். வெயில் நேராகப் படாத விறாந்தையே அதற்குப் பொருத்தமான இடம்.